அம்மாவின் பம்ப் ஸ்டவ்

பொள்ளாச்சி வண்டியிலிருந்து திண்டுக்கல்லில் இறங்கி, தெற்கே போகும் ரயிலுக்காகக் காத்திருக்கிறோம். கன்னியாகுமரியில் சில நாள் தங்கி, குழந்தைகளுக்குக் கடல் காட்டி, நல்ல மீன் சாப்பாடு சாப்பிட வேண்டும். அம்மாவுக்கு அடுப்படியிலிருந்து விடுமுறை கொடுக்கத்தான் நானும் என் மனைவியும் இப்படித் திட்டம் போட்டோம். அம்மாவோ பம்ப் ஸ்டவ்வைச் சாக்கில் கட்டி எடுத்து வந்திருக்கிறாள். மண்ணெண்ணெய் வாசனை அடித்த பிறகுதான் எங்களுக்கே தெரிகிறது.

"ஓட்டல் சோறு கொழந்தைகளுக்கு ஆவாதுடா," என்கிறாள்.

பிளாட்பாரத்தில் டீ விற்கும் பெண்மணி டம்ளரை நீட்டியபடி சிரிக்கிறார். "ஏன்த்தா, கடலுக்குப் போயுமா அடுப்புக்கு முன்னாடி உக்காரப் போறீக? இங்கன வச்சுட்டுப் போங்க. திரும்பி வாரப்ப எடுத்துக்கிடலாம்."

ரயில் வந்து நிற்கிறது. அம்மா சாக்கை ஒருமுறை இறுக்கிப் பிடிக்கிறாள். பிறகு, "பத்திரமுங்க," என்று அவரிடம் கொடுத்துவிட்டு ஏறுகிறாள்.

வண்டி நகர்கிறது. ஜன்னலோரத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லை. முந்தானையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறாள்.

"அங்க என்ன சமைக்கோணும்னு ஆருடா சொல்லுவாங்க?"

"நீதாம்மா. உனக்கு என்ன வேணுமோ அதக் கேளு."

"எனக்கா?"

கொடைரோடு தாண்டும்வரை யோசிக்கிறாள்.

"எந்த மீனா இருந்தாலுஞ் சரி," என்கிறாள் மெதுவாக. "சட்டியில இருந்து எடுத்ததும் சுடச்சுட எனக்கு மொதல்ல வெக்கச் சொல்லு, சாமி."