கையெழுத்துக்கு முன் நாற்பது நிமிடம்

மொன்றியலில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது அவரைச் சந்தித்தேன். வீடுகளுக்கு டைல் பதிப்பவர். கதிரையில் இருக்கும்போதெல்லாம் முழங்கால்களைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

நகரத்தின் இல்-பிசார் பகுதியில் ஒரு பெரிய வீட்டில் வேலை முடித்திருந்தார். வீட்டுக்காரர் காசு கொடுக்கவில்லை. கேட்கப்போன நேரமெல்லாம் வாசலிலேயே காக்கவைத்துத் திருப்பி அனுப்பினார். கடைசியில் இவர் தன் கூலிக்காக அந்த வீட்டின்மேல் சட்டப்படி உரிமை பதிந்துவிட்டார்.

வழக்கறிஞர் சொன்னதை நான் விளக்கினேன். “பதிஞ்சது மட்டும் காணாது அண்ணை. வேலை முடிஞ்சு ஆறு மாதத்துக்குள்ள வழக்குப் போடவேணும். இல்லாட்டி உரிமை போயிடும். வழக்கிலை வெண்டால் வீட்டை ஏலத்திலை விக்கச் சொல்லியும் கேக்கலாம்.”

“போடுங்கோ தங்கச்சி. அவர் என்னைத் தேடி வரவேணும்.”

வழக்குப் போட்டோம். வீட்டுக்காரர் வீட்டை விற்கப் பார்த்தார். அந்தப் பதிவு இருந்ததால் வாங்க ஆளில்லை. பாதிக் காசு தருவதாகச் சொல்லியனுப்பினார். இவர் மறுத்தார். பிறகு ஒருநாள் முழுக் காசோடு வீட்டுக்காரரே அலுவலகத்துக்கு வந்தார்.

பதிவை நீக்கும் பிரெஞ்சுப் பத்திரத்தை இவர் கையிலெடுத்தார். விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தார். நாற்பது நிமிடம். வீட்டுக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகே கையெழுத்து விழுந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். “அண்ணைக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியுமோ?”

“ஓர் எழுத்தும் தெரியாது.”

அதில் இருந்ததை முதல்நாளே நான் அவருக்குச் சொல்லியிருந்தேன். ஆனாலும் அந்த நாற்பது நிமிடமும் நான் வாய் திறக்கவில்லை. ஏனென்று இன்றும் யோசிக்கிறேன்.