சும்மா பிடித்து இழுத்தது

உக்குவளையில் எங்கள் வீட்டு முன்னறையில் நிஷ்மியா இங்கிலீஷ் டியூஷன் வைத்தால் அன்று தெருவுக்கே நிம்மதி கிடையாது. அவள் என் கணவரின் தங்கை. ஒரு சொல்லை உடம்பால் செய்து காட்டாமல் போர்டில் எழுதவே மாட்டாள். 'ஜோல்ட்' என்றால் பிள்ளைகள் எல்லோரும், நாவுல ஊர் பஸ் குழியில் இறங்கிய மாதிரி, நாற்காலியோடு ஒரே நேரத்தில் தூக்கிப்போடப்பட வேண்டும். 'லர்ச்' என்றால் ஒரு பக்கமாகச் சரிந்து தடுமாற வேண்டும். 'ஜெர்க்' என்பது வெடுக்கென்று ஒரு இழுப்பு. 'யாங்க்' அதற்கும் மேலே, பிடுங்கி எடுக்கிற ஆத்திரத்தோடு இழுப்பது.

"யாங்கை ஆள் மேல செஞ்சி பாக்க வேணாம், மேசை லாச்சியில செய்ங்க" என்பாள். இழுத்து இழுத்து எங்கள் லாச்சியில் கைப்பிடி நின்றதே இல்லை.

நான் மஸீனா. கணவர் கத்தாரில் இருப்பதால் அவருடைய வாப்பா சாலிஹ் மாமாவோடும் உம்மா றாபியா மாமியோடும் இந்த வீட்டில் இருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நிஷ்மியாவை நாலந்தாவில் மிளகு வியாபாரம் செய்யும் ஜிப்ரிக்குக் கொடுத்தோம். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் வரிசையில் நிற்பவன், நாலு பேர் முன்னால் வாயில் வெண்ணெய் வைத்தாற்போலப் பேசுபவன். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் பஸ்ஸில் வந்து வகுப்பு நடத்தினாள். கொஞ்ச நாளில் கன்னத்தில் வீக்கத்தோடு வந்தாள். "பஸ் ஜோல்ட் அடிச்சிச்சி மதினி, கம்பியில மோதிட்டேன்" என்றாள். அடுத்த முறை உதடு வெடித்திருந்தது. டிரைவர் பிரேக் போட்டானாம், லர்ச் ஆகி விழுந்தாளாம். மற்ற எல்லாரும் சுகமாக இறங்கிப் போகிற பஸ்ஸில் இவளுக்கு மட்டும் தினம் ஒரு விபத்து. நான் மாமியிடம் சொன்னேன். "எல்லா வூட்லயும் உள்ளதுதானே" என்று சொல்லிவிட்டு அவர் வெங்காயம் அரிந்தார். எனக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது.

போன மாதம் ஒரு மாலை பஸ் வழியில் பழுதாகி அவள் நேரம் பிந்திப் போயிருக்கிறாள். ஜிப்ரி நாலந்தாவில் ரோட்டிலேயே காத்து நின்றான். மிதிபலகையில் காலை வைத்து இறங்கப் போனவளை மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவள் முகம் குப்புற ரோட்டில் விழுந்தாள். பிடித்த கையை விடாமல் முதுகுக்குப் பின்னால் முறுக்கி வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். உள்ளே போனதும் கதவு நிலையில் தலையை மோதினான், விழுந்தவளை இடுப்பில் மிதித்தான். முறுக்கிய கையில் எலும்பு முறிந்த சத்தம் தனக்கே கேட்டது என்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டபோது இந்த முறை அவள் பஸ்ஸை இழுக்கவில்லை. கணவர் என்றாள். அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து இப்திகார் ஹாஜியாரும் இன்னும் இரண்டு பேரும் சமாதானம் பேச வந்து டியூஷன் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். எங்களிடையே ஒரு வழக்கம். பேசி முடித்து எல்லோரும் கையேந்திப் பாத்திஹா ஓதிவிட்டால் விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைக் கிளறக்கூடாது, பெண் புருஷனோடு போய்விட வேண்டும். ஜிப்ரியின் வேன் வாசல் கேட்டடியில் நின்றது. மாமா அவளுடைய பேக்கை அதில் ஏற்றியே விட்டார். நானும் மாமியும் முன்னறை தெரிகிற குசினி அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றினோம். ஜிப்ரியின் கோப்பையில் உப்பைப் போடலாமா என்று யோசித்தேன்.

"அல்லாஹ்மேல ஆணையா நான் அடிக்கல்ல ஹாஜியார். கோவத்துல சும்மா கையப் புடிச்சி இழுத்தேன், அவ்வளவுதான்" என்றான் ஜிப்ரி.

"இழுத்ததுக்கெல்லாம் வூட்ட உட்டு வாறதா மகள்? மன்னிச்சிடுங்க. ஓதி முடிப்போம்" என்றார் ஹாஜியார்.

நிஷ்மியா எழுந்தாள். இடது கை மாவுக்கட்டில் இருந்தது. "வாப்பா, கொஞ்சம் எழும்புங்க" என்றாள்.

மாமா எதற்கென்று தெரியாமல் எழுந்தார். அவள் வலது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இழுத்தாள். அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். "இதுதான் இழுக்கிறது" என்றாள். பிறகு வெடுக்கென்று இழுத்தாள். அவருடைய தலை ஆடித் தொப்பி விழுந்தது. "இது ஜெர்க்." யாரும் வாய் திறக்குமுன் முழு பலத்தையும் போட்டு மூன்றாவது தடவை இழுத்தாள். மாமா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முழங்கால் சீமெந்தில் அடிபட விழுந்தார்.

"இது யாங்க். இதத்தான் அவர் சும்மா இழுத்தேன்டு சொல்றார். இதுக்குப் பொறகு நடந்தத உங்களுக்குச் செஞ்சி காட்ட எனக்கு மனசு வரல்ல வாப்பா."

"பைத்தியம் புடிச்சிட்டு இவளுக்கு" என்று கத்தினான் ஜிப்ரி. ஹாஜியார் அவசரமாக இரண்டு கையையும் ஏந்தி, "போதும், போதும். அல் பாத்திஹா" என்றார். மற்ற இருவரும் கையேந்தினார்கள். இன்னும் ஒரு நிமிடத்தில் அவள் அந்த வேனில் இருப்பாள்.

மாமா எழுந்தார். நாலு பேர் முன்னால் மகளிடம் விழுந்த அவமானத்தில் முகம் கறுத்திருந்தது. "வாப்பாட மேலயா கை வெக்கிற?" என்று அவளை அறையக் கையை ஓங்கினார். நிஷ்மியா அசையாமல் நின்றாள்.

என் பக்கத்தில் தட்டு விழுந்து கோப்பைகள் சிதறின. குசினி வாசலில், ஓங்கிய கைக்கு எட்டாத தூரத்தில், றாபியா மாமி சுவரோடு ஒடுங்கி, முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். சுடு தேத்தண்ணி காலில் கொட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவின் கை மேலேயே நின்றது. அவர் தன் மனைவியைப் பார்த்தார், பிறகு அந்தக் கையைப் பார்த்தார்.

"ஓத வேணாம் ஹாஜியார்" என்றார். "ஜிப்ரி, புள்ளட பேக்க எறக்கி வெச்சிட்டுப் போங்க."

ஜிப்ரி ஏதோ சொல்ல வந்தான். ஹாஜியார் ஏந்திய கைகளை மடியில் போட்டுக்கொண்டார். மாமா கையை இறக்கிவிட்டுக் குசினிப் பக்கம் ஒரு எட்டு வைத்தார்.

மாமி இன்னும் முழங்கையை இறக்கவில்லை.