குணலட்சுமி முட்ட நிரப்பிய போத்தல்கள்

குணலட்சுமிக்கு வாய் நீளம் என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். சொல்லுகிறவர்களை எனக்குத் தெரியும். பாதிப்பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், மிச்சப்பேர் வாங்கப் பயந்து ஒதுங்கி நடப்பவர்கள். நான் கூட்டுறவுச் சங்கத்தில் லொறி ஓட்டுகிறவன், பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அந்த வாய் இல்லாவிட்டால் எங்கள் ஊர்க் கள்ளின் பெயர் போன தையிலேயே நாறியிருக்கும். அதை யாராவது எழுதி வைக்கவேண்டாமா? படித்தவர்கள் எழுதமாட்டார்கள். அவர்களுக்குக் கள்ளைக் குடிக்க மட்டும்தான் தெரியும்.

புத்தூருக்குக் கிழக்கே, பனைகள் நெருங்கி நிற்கிற பக்கத்தில் சங்கம் கள்ளு அடைக்கிற மடுவம் இருக்கிறது. காலையில் சீவல்காரர் மரத்தில் கட்டிய முட்டிகளிலிருந்து இறக்கிவரும் கள்ளு அங்கேதான் வந்து சேரும். அதை வடித்து, போத்தலில் ஊற்றி, மூடி அடிக்காமலே சுடுநீர்த் தொட்டிக்குள் நிறுத்துவார்கள். சூடு பிடித்ததும் கள்ளின் துள்ளல் அடங்கிவிடும். அதன்பிறகு மூடி அடித்தால் மாதக்கணக்கில் புளிக்காமல், பொங்காமல் இருக்கும். இந்த வேலையெல்லாம் பெண்களுடையது. அவர்களுக்கு மேலாள் குணலட்சுமி. அவளுடைய புருஷன் குகதாசன் இன்றைக்கும் மரம் ஏறுகிறவன். ஒரு நாளைக்கு அவன் பேசுகிற சொற்களை விரல்விட்டு எண்ணலாம். வீட்டில் இருக்கிற பேச்சு முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டால் அவன் என்ன செய்வான்?

சின்ன வயதிலேயே அவள் அப்படித்தான். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் ஒரு பெரிய வீட்டில் தண்ணீர் கேட்டோம். மற்றப் பிள்ளைகளுக்குச் செம்பில் கொடுத்தார்கள். மரம் ஏறுகிறவர்களின் பிள்ளைகள் என்பதால் எங்கள் இரண்டு பேருக்கும் தேங்காய்ச் சிரட்டை. எனக்குத் தாகம், நான் குடித்துவிட்டேன். அவள் சிரட்டையைக் கிணற்றுக் கட்டில் அடித்து உடைத்துவிட்டு வந்தாள். அன்று மாலை அந்த வீட்டார் அவளுடைய தாயிடம் வந்து முறையிட்டார்கள். தாய் அடித்தாள். அடி வாங்கிக்கொண்டே, நாளைக்கும் உடைப்பேன் என்று சொன்னவள் அவள்.

அந்தத் தாய் தவறணையில் கள்ளு விற்றவள். அளவில் குறைக்கிறாள், தண்ணீர் கலக்கிறாள் என்று குடிகாரர்கள் வாய்க்கு வந்தபடி பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள் குணலட்சுமி. அதனால் மடுவத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். தொட்டியிலிருந்து எடுக்கும்போது நுரை அடங்கி, போத்தலின் கழுத்தில் கொஞ்சம் வெறுமை தெரியும். அவள் ஒரு சாடியில் சூடான கள்ளை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போய், ஒவ்வொரு போத்தலையும் வாய்முட்ட நிரப்புவாள். அதன்பிறகுதான் மூடி. பயிற்சி வகுப்பு நடத்த வந்த உத்தியோகத்தர் இரண்டு விரல் இடைவெளி விடவேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டிக் கேட்டாள். அவருடைய வாகனம் ஒழுங்கை திரும்பியதும் சாடியைக் கையில் எடுத்தாள். இடைவெளி விட்டால் எங்களைக் களவெடுத்தவர்கள் என்பார்கள், நான் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கமாட்டேன் என்றாள். எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. உள்ளூரிலும் கொழும்பிலும் ஒரு போத்தலும் உடையவில்லை.

கனடாவில் கடை வைத்திருக்கும் கேதீஸ்வரன் எங்கள் ஊர்ப் பிள்ளை. அவனுடைய தகப்பனும் சீவல்காரர்தான், குகதாசன் தொழில் பழகியது அவரோடு. பொங்கலுக்கு ஊர்க் கள்ளு என்று அங்கே எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு அவன் சங்கத்திடம் கேட்டான். முதல் தடவையாகக் கடல் கடந்து போகிற கள்ளு. கார்த்திகையில் நானே கொழும்புக்கு ஏற்றிக்கொண்டு போனேன். பெண்கள் பெட்டிகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்து அனுப்பினார்கள்.

தை பிறந்தது. பொங்கலுக்கு முன்னே கேதீஸ்வரனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. ஊறிப்போன பெட்டிகள், உடைந்த கண்ணாடி, அதற்குள் மங்கல் வெள்ளையாக உறைந்து நிற்கிற கள்ளு. யாரோ பின்னால் நின்று சிரிக்கிறான். ஊத்தை முட்டியில் இறக்கினால் இப்படித்தான் புளித்து வெடிக்கும் என்று இன்னொருவன் சொல்லுகிறான். கேதீஸ்வரன் அவனை மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பிறகு விசயம் வெளியில் வந்தது. அவனுடைய கடைக்குப் பின்னறையில் இடமில்லை. அதனால் பெட்டிகள் லொறிக்குள்ளேயே வெளிமுற்றத்தில் சனி ஞாயிறு முழுக்க நின்றிருக்கின்றன. அங்கே அப்போது உறைபனி. ஆனால் அவன் ஊருக்கெல்லாம் சொன்னது, கள்ளுப் பிழை, புளித்து வெடித்துவிட்டது என்று. இப்போது அதைச் சங்கமும் தன் வாயால் சொல்லவேண்டுமாம். மடுவத்தில் நின்றபடி குணலட்சுமி ஒரு சின்ன வீடியோவில், கள்ளில் பிழை வந்துவிட்டது, இனிக் கவனமாக இருப்போம் என்று சொன்னால் போதும். சொன்னால் அடுத்த பெட்டிகளுக்குக் கேட்பான். சொல்லாவிட்டால் அவனுக்கும் எங்களுக்கும் இனி ஒன்றும் இல்லை.

சங்கத் தலைவர் செல்வநாயகம் நல்ல மனிசன், ஆனால் பயந்த மனிசன். ஒரு சொல்தானே, சொல்லிவிட்டுப் போவோமே என்றார். மடுவத்துப் பெண்களில் சிலரும் அதையே சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், வெளிநாட்டுக்கு அடைக்கிற வேலை நின்றால் அடுப்பு எரிகிற வீடு அல்ல அவர்களுடையது.  மறுநாள் நான் அவர்கள் வீட்டு வழியால் போகும்போது, கழுவிக் கவிழ்த்த முட்டிகளைக் குகதாசன் திரும்பவும் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். குணலட்சுமி வேலியருகில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளை அவ்வளவு கோபத்தோடு முன்பின் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் லொறியை எடு, குருநகருக்குப் போகவேண்டும் என்றாள்.

குருநகரில் கனிசியஸ் என்று ஒருவர், ஏற்றுமதி மீனை உறையவைக்கும் அறைக்குப் பொறுப்பாக இருக்கிறார். என் லொறியில் ஐஸ் ஏற்றிய பழக்கம். கள்ளுப் போத்தலைக் குளிர் அறைக்குள் வைக்கவேண்டும் என்றதும் அவர் சிரித்துவிட்டார். அறுக்குளா மீனில் கள்ளு மணத்தால் தன் வேலை போய்விடும் என்றார். வேலை போனால் எங்கள் மடுவத்துக்கு வாருங்கள், தொட்டி கழுவ ஆள் இல்லை என்றாள் இவள். மனிசன் அந்தப் பதிலுக்கே கதவைத் திறந்துவிட்டார். கண்ணாடி சிதறாமல் இருக்க ஒரு பெரிய மீன் தொட்டியும் தந்தார்.

அவள் மூன்று விதமாக வைத்தாள். வாய்முட்ட நிரப்பியவை ஒரு பக்கம். உத்தியோகத்தர் சொன்ன மாதிரி இடைவெளி விட்டவை ஒரு பக்கம். இடைவெளி விட்டு, குளிரைத் தடுக்கிற வெள்ளை ரெஜிபோம் தட்டு சுற்றிப் பெட்டியில் அடைத்தவை இன்னொரு பக்கம். மறுநாள் காலை திரும்பிப் போனோம்.

முட்ட நிரப்பியவற்றில் ஒன்றுகூட முழுதாக இல்லை. சிலவற்றில் கண்ணாடி கழன்று விழுந்து, கள்ளு மட்டும் போத்தல் உருவத்தில் கட்டியாக நின்றது. இடைவெளி விட்டவற்றில் சில வெடித்திருந்தன, பல நின்றன. ரெஜிபோம் சுற்றியவை குழம்பாக இறுகியிருந்தனவே தவிர உடையவில்லை. இன்னும் இரண்டு நாள் விட்டால் அதுகளும் உடையும், குளிருக்கு யாரும் நிரந்தரமாகத் தப்பமுடியாது என்றார் கனிசியஸ்.

குணலட்சுமி ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்துவிட்டாள். கேதீஸ்வரன் பொய் சொல்லுகிறான் என்று நிரூபிக்க வந்தவள். நிரூபித்தும் விட்டாள், புளிக்காத கள்ளும் குளிரில் வெடிக்கும் என்று. ஆனால் ஒன்றும் மிஞ்சாமல் வெடித்தவை அவள் சாடியால் நிரப்பியவை. எவனும் குறை சொல்லக்கூடாது என்று ஊற்றிய அந்தக் கடைசி இரண்டு விரல். அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கனிசியஸ் பாவப்பட்டு, தங்கச்சி, இதைப் பெரிசாய் எடுக்காதை என்று ஏதோ ஆறுதல் சொல்லப் போனார். பெரிதாகத்தான் எடுப்பேன் என்று எழும்பிவிட்டாள்.

உடையாமல் நின்ற போத்தல்களை மடுவத்துக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்து இளகவிட்டோம். எல்லோரும் குடித்துப் பார்த்தோம். கொஞ்சம் தட்டையாக இருந்தது, அவ்வளவுதான். புளிப்பு ஏறவில்லை.

அடுத்த நாள் சங்கக் கந்தோரில் கேதீஸ்வரனோடு வீடியோவில் கதைத்தார்கள். மேசையில் ஒரு பால்மாப் பேணியில் போனைச் சாத்தி வைத்திருந்தது. செல்வநாயகம் ஓம் தம்பி, சரி தம்பி என்று தொடங்கினார். இந்த ஓம் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. குணலட்சுமி கதிரையை இழுத்து முன்னுக்குப் போட்டாள்.

“கேதீஸ், நீ குடிச்சுப் பாத்தனியோ?”

“உடைஞ்சதை என்னண்டு அக்கா குடிக்கிறது?”

“எல்லாம் உடைஞ்சதோ?”

 கடையில் அடுக்க என்று முதல் நாளே உள்ளே எடுத்து வைத்த ஒரு பெட்டி இருக்கிறது, அது உடையவில்லை என்றான். அதே கள்ளு, அதே நாள் அடைத்தது. உள்ளே சூட்டில் இருந்தது நிற்கிறது, வெளியே குளிரில் இருந்தது வெடித்துவிட்டது. அதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டான் என்பது அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“அதிலை ஒண்டைத் திறந்து குடி. நாங்கள் பாத்துக்கொண்டிருக்கிறம்.”

குடித்தான். வேறு வழியில்லை, இங்கே அரைவாசி ஊர் போனுக்கு முன்னால் நின்றது. ஒரு மிடறு விழுங்கினான். யாரும் கேட்காமலே இரண்டாவது மிடறும் குடித்தான். நல்லாய்த்தான் இருக்கு அக்கா என்று மெதுவாகச் சொன்னான்.

“அப்ப கேள். வகுப்பிலை இடைவெளி விடச் சொன்னவை, நான் விடேல்லை. முட்ட நிரப்பினது என்ரை பிழை. அதை எந்தச் சந்தியிலையும் நிண்டு சொல்லுவன். உந்தக் குளிருக்குள்ளை முத்தத்திலை விட்டது உன்ரை பிழை. கள்ளிலை பிழையில்லை. ஊத்தை முட்டியிலை இறக்கினது எண்டு என்ரை வாயாலை வராது. உன்ரை கொப்பரும் அந்த முட்டியைக் கட்டித்தான் உன்னைப் படிப்பிச்சவர்.”

கேதீஸ்வரனின் முகம் கறுத்துப்போனது. எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், இனி மாற்றிச் சொன்னால் என் முகத்தை எங்கே வைப்பது என்று கேட்டான். அது அவளுடைய கவலை இல்லை என்றாள். அவன் தொடர்பைத் துண்டித்துவிட்டான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் லேசானவை அல்ல. அவன் வேறு எங்கோ கள்ளு எடுக்கிறான் என்று கேள்விப்பட்டோம். கனடாவை நம்பி எடுத்திருந்த வேலை நின்றுபோய், மடுவத்தில் வேலை பாதியானது. டிலக்ஷி என்ற பிள்ளை உடுப்புத் தைக்கிற தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். போகும்போது, உங்கடை ரோசத்துக்கு நாங்கள் ஏன் பட்டினி கிடக்கவேணும் என்று குணலட்சுமியின் முகத்துக்கு நேரே கேட்டாள். அதற்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை. 

ஆனால் சாடி போய்விட்டது. அவளே போத்தல்களின் கழுத்தில் கோடு போட்டாள். அந்தக் கோட்டைத் தாண்டி ஊற்றினால் முதல் ஏச்சு அவளிடமிருந்துதான். தவறணையில் ஒருவன் போத்தலைத் தூக்கிப் பார்த்து, குணலட்சுமிக்கும் கை சுருங்கிவிட்டது என்று நக்கலடித்தானாம். வாழ்நாள் முழுக்க எந்தச் சொல்லுக்குப் பயந்து முட்ட நிரப்பினாளோ, அதே சொல். எனக்குக் கேட்கவே கோபம் வந்தது. அவள் சொல்லட்டும் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இந்த ஐப்பசியில் கேதீஸ்வரன் திரும்பவும் செல்வநாயகத்தைக் கூப்பிட்டான். மற்றக் கள்ளு சனத்துக்குப் பிடிக்கவில்லையாம். பொங்கலுக்கு எங்கள் கள்ளுத்தான் வேண்டுமாம், இந்த முறை பெட்டிகளை உள்ளே இறக்கி வைப்பானாம். செல்வநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. உடனே என்னை லொறியைக் கொண்டுவரச் சொன்னார். பெண்கள் பெட்டிகளை வெளியே எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார்கள். குணலட்சுமி அவர்களைத் தடுக்கவில்லை. நேரே வந்து தலைவரிடமிருந்து போனை வாங்கினாள்.

உள்ளே இறக்கிற வரைக்கும் துறைமுகத்திலும் தெருவிலும் கள்ளு எங்கே நிற்கும் என்று கேட்டாள். அது தன் கையில் இல்லை என்றான். குளிர் காலத்தில் அங்கே போய்ச் சேருகிற மாதிரி இனி ஒரு போத்தலும் ஏற்றமாட்டேன், சித்திரையில் வந்து சேருகிற மாதிரி அனுப்புகிறேன் என்றாள். பொங்கலுக்கென்று சொல்லிவிட்டேன் அக்கா என்று அவன் கெஞ்சினான்.

“பொங்கலுக்குக் கள்ளு வேணுமெண்டால் ஊருக்கு வந்து குடி. சித்திரைக்கு வேணுமெண்டால், புளிச்சுப்போச்செண்டு நீ சொன்ன ஆக்களிட்டை முதல் உண்மையைச் சொல்லு. அதைச் சொல்லாமல் லொறி வெளிக்கிடாது.”

செல்வநாயகம் என்னைப் பார்த்தார். லொறி அவருடைய பொறுப்பில் இருக்கிறது, எனக்குக் கட்டளை தருகிறவரும் அவர்தான். ஏற்று என்று அவர் வாய் திறப்பதற்கு முன்னே நான் சாவியைக் கழற்றி அவளுடைய கையில் வைத்தேன்.  அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

இப்போது மார்கழி. கேதீஸ்வரன் இன்னும் சொல்லவில்லை. சாவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, உள்ளூர் ஏற்றத்துக்கு மட்டும் தருவாள், நான் வேலைக்குச் சைக்கிளில் போய்வருகிறேன்.