முதல் மணி நேரத்து மாம்பழம்

பிற்பகல் வெயில் படுக்கைமேல் விழும்போதெல்லாம் அந்த மாம்பழத் துண்டுதான் நினைவுக்கு வருகிறது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மாம்பழம் விலக்கு. ஆனால் டயாலிசிஸ் மெஷின் ஓடத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு துண்டு தின்னலாம், மெஷின் எப்படியும் கழுவி எடுத்துவிடும் என்பது திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் எங்கள் படுக்கை வரிசையின் நம்பிக்கை. டாக்டரம்மா முறைப்பார், ஒரு துண்டோடு விட்டுவிடுவார். பழம் கொண்டுவந்து ஆளுக்கொரு துண்டு நறுக்கித் தருவது, பக்கத்துப் படுக்கை அண்ணனின் மனைவி.

அண்ணன் கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் பல வருடம் உலை முன் நின்றவர். ரத்தம் வெளியே போய் வருகிற நேரமெல்லாம் உடம்பு குளிரும். "நெருப்பாண்ட நின்ன உடம்பு தங்கச்சி. இங்க ஸ்வெட்டர் போட்டுக்கினு கீறேன் பாரு" என்று சிரிப்பார். செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலில் தனியாக வருகிற எனக்கு அந்தத் 'தங்கச்சி' அவ்வளவு பிடிக்கும். பேசிக்கொண்டே இருவரும் தூங்கிப்போவோம். கனவில் எனக்கு ஏரி வரும், அவருக்கு உலை வருமாம்.

வழக்கமான ரத்தப் பரிசோதனை ஒன்றில் அவருக்கு ஹெபடைடிஸ் சி என்று வந்தது. காமாலை இல்லை, வலி இல்லை; ஈரல் மட்டும் சத்தமில்லாமல் அழன்று வீங்கியிருந்தது. எப்படித் தொற்றியது என்று யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தனி மெஷினுக்கு மாற்றினார்கள். "இந்தப் பக்கம் வந்தவன் எங்க திரும்பப் போறான்" என்று அவரே முடிவுகட்டிவிட்டார்.

அடுத்த முறையும் அண்ணி பழம் நறுக்கினார். ஒரு கையும் நீளவில்லை. "ரத்தத்தாலதான் பரவுமாம். தின்னா ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரம்மாவே சொல்லுச்சு" என்றார். தட்டை நீட்டியபடியே நின்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு துண்டாக எடுத்துத் தின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தது மங்கலாகத் தெரிந்தது.

மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டார். அதன் பிறகும் காத்திருந்து, திரும்பத் திரும்பப் பரிசோதித்து, கிருமி இல்லை என்று உறுதியான ஒரு பிற்பகலில் ஸ்வெட்டரோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இன்னா தங்கச்சி, என் எடத்த யாருக்கும் குடுத்துடலியே?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன்பின் சில வருடங்கள் என் பக்கத்திலேயே தூங்கினார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது இதயம்தான், ஈரல் அல்ல.

போன வாரம் என் பரிசோதனையிலும் அதே பெயர் வந்தது. பழைய வரிசைக்காரர்கள் இருந்திருந்தால் அன்றைய மாம்பழத்தின்மேல் பழி போட்டிருப்பார்கள். இன்று நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிறேன். அங்கே என் படுக்கையில் யாரோ போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. முதல் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதன் வழியாக ஒருவர் திரும்பி நடந்து வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.