பூப்பந்து ஆட ஆளில்லாத இடம்

அப்போ நான் தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட். விடியறதுக்கு முன்னாடி எழுந்து, வீட்டுக்காரருக்கு டிபன் கட்டி மெட்ராஸ் வண்டிக்கு அனுப்பி, ரெண்டு பிள்ளைங்களையும் குளிப்பாட்டி ஸ்கூலுக்கு விரட்டிட்டு, நானும் நின்னுகினே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுகினு ஓடுவேன். ஆபீஸ்ல நாளெல்லாம் பட்டா, வாரிசு சான்றுன்னு அடிச்சு அடிச்சு விரல் நுனி மரத்துப் போயிடும். சாயங்காலம் வந்தா மறுபடியும் அடுப்பு. எங்கெங்கிருந்தோ ஜனங்க வந்து மலை ஏறி முருகனைப் பாத்துட்டுப் போவாங்க. அடிவாரத்துலயே குடியிருந்த எனக்கு அந்தப் படியை நிமிர்ந்து பாத்தாலே முட்டி வலிக்கும். அப்படி ஒரு அலுப்பு.

இதுல விளையாட்டு எங்கேருந்து வந்துதுன்னு கேப்பீங்க. காலேஜ்ல பூப்பந்து ஆடினவ நான். மஞ்சள் உல்லன் பந்து கைக்கு வந்தா போதும், மத்ததெல்லாம் மறந்துடும். கல்யாணத்தோட பேட்டு பரண் மேல ஏறிச்சு, நானும் அதைப் பத்தி நினைக்கறதில்ல. பெரியவனுக்கு ஊசி போட கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போன இடத்துல ஒரு நர்ஸ் பொண்ணு பழக்கமானா. ஆந்திரா பக்கத்துப் பொண்ணு, சின்ன வயசு, வாய் ஓயாது. பேச்சு வாக்குல அவளும் பூப்பந்து ஆடினவன்னு தெரிஞ்சுது. விட்டாளா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஒருத்தி, எலிமெண்டரி ஸ்கூல் டீச்சர் ஒருத்தின்னு பிடிச்சு நாலு பேர் ஆக்கிட்டா. ரெண்டுக்கு ரெண்டு ஆடலாம். நானும் சரின்னுட்டேன். சொன்ன வாய்க்கு அப்புறம் எத்தனை நாள் அலைச்சல் வரும்னு அப்போ தெரியாது.

வீட்டுக்காரர்கிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பாடு போடும்போது மெதுவா சொன்னேன். அவரு கெட்டவரு இல்ல. ஆனா வண்டியில கூட வர்றவங்க, தெருவுல இருக்கிறவங்க, சொந்தக்காரங்க, இவங்க எல்லாரும் என்ன சொல்வாங்கன்னு நினைச்சு நினைச்சே பாதி ஆயுசு போக்கினவரு. ரசத்தைப் பிசைஞ்சுகினே சொன்னாரு: "ஆடு, வேணாங்கல. ஆனா யாரு கண்ணுலயும் படாத இடமா பாத்துக்கோ. உன் பொண்டாட்டி புடவையை இழுத்துச் செருகிகினு குதிக்கிறான்னு எவனாவது என்கிட்ட வந்து சொன்னான்னா, அன்னையோட சரி." அவ்ளோதான். நான் ஆடுறதும் ஆடாததும் இனிமே இடத்தைப் பொறுத்ததுன்னு ஆயிடுச்சு.

சரி, இடம் தேடலாம்னு கிளம்பினோம். திருத்தணியில கண்ணுல படாத இடம் எங்க இருக்கு? ஸ்கூல் கிரவுண்டு முதல்ல நினைவுக்கு வந்துது. வாலிபால், கபடி, பூப்பந்து எல்லாத்துக்கும் அங்கயே கோடு போட்டு வெச்சிருந்தாங்க. தண்ணிக் குழாய் இருந்துது, உக்கார மரத்தடி இருந்துது. ஒரு விளையாட்டுக்கு என்ன வேணுமோ எல்லாம் இருந்துது. ஆனா அஞ்சு மணி ஆனா ஊர்ல இருக்கிற வாலிபப் பசங்க அத்தனை பேரும் அங்கதான். சுத்துச்சுவரும் இடுப்பு உசரம். பஸ் ஸ்டாண்டுக்குப் போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பாத்துட்டுத்தான் போவான். வேணாம்னு விட்டோம்.

அடுத்தது ஏரி. தண்ணி வத்தி அடி பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துது. பரந்த வெளி, ஒரு ஆள் இல்ல. நர்ஸுக்கு ஏக சந்தோஷம். வலையைக் கூடக் கட்டாம சும்மா கையால பந்தைத் தூக்கிப் போட்டுப் பாத்தோம். காத்து தூக்கிகினு போச்சு பாருங்க, டீச்சர் அதைத் துரத்திகினு அரை பர்லாங் ஓடினா. ஓடினவ கரைக்குப் பின்னால எட்டிப் பாத்துட்டு முகத்தைத் திருப்பிகினு அதே வேகத்துல திரும்பி வந்தா. ஆம்பளைங்க அங்க சொம்போட உக்காந்திருந்தாங்க. "அக்கா, ஆள் இல்லன்னியே, வரிசையா இருக்காங்க"ன்னா. சிரிக்கத் தெம்பு இல்லாம சிரிச்சோம்.

ரயில்வே லைன் ஓரமா ஒரு மேடை மாதிரி இடம். அது வழியா என் வீட்டுக்காரர் வர்ற வண்டியே போகும். வேற வினையே வேணாம். சத்திரத்துப் பின்கட்டு ஒண்ணு பாத்தோம், அங்க கிருத்திகைக்குக் கிருத்திகை காவடிக் கூட்டம் சோறு பொங்கும். பொங்கின அடுப்புக் குழி அப்படியே கெடக்கும். காலை வெச்சா கணுக்கால் போச்சு. இப்படியே ரெண்டு மூணு மாசம். ஆபீஸ் விட்டு, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கிடைக்கிற கொஞ்ச நேரத்துல நாலு பேரும் செருப்பு தேய நடப்போம். ஒரு இடத்துல ஆள் இருக்கும், இன்னொண்ணுல முள்ளு இருக்கும். இடம் பாத்த களைப்புக்கே நான் வீட்டுக்கு வந்து சுவர்ல சாஞ்சு உக்காந்துடுவேன். ஆடாமயே இப்படின்னா ஆடினா என்ன ஆவேனோன்னு எனக்கே பயம்.

கடைசியில டீச்சர்தான் பாவடியைச் சொன்னா. ஊர்க்கோடியில நெசவுக்காரங்க தெரு இருந்துது. அதுக்குப் பின்னால, நெய்யறதுக்கு முன்னாடி நூலை நீளமா இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காய வைக்கிற பொது இடம் அது. ரெண்டு பக்கமும் வரிசையா புளியமரம். காலையில வெயில் ஏறறதுக்குள்ள வேலையை முடிச்சு நூலைச் சுருட்டிகினு போயிடுவாங்க. வருஷக்கணக்கா கஞ்சி சிந்திச் சிந்தித் தரை மொழுமொழுன்னு கெட்டிச்சுப் போயிருந்துது. கல் இல்ல, தூசு இல்ல. மரம் காத்தை மறிச்சுது. சாயங்காலம் நாங்க போய் நின்னப்போ ஒரு ஈ காக்கா இல்ல. வீட்டுக்குள்ள தறி ஓடற சத்தம் மட்டும் கேட்டுகினு இருந்துது. விளக்கு வைக்கிற வரைக்கும் அவங்க தறிக்குழியை விட்டு எழுந்திருக்க மாட்டாங்க. மறுநாளும் போய்ப் பாத்தோம், அதுக்கு மறுநாளும். அப்படியேதான் இருந்துது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அந்தத் தெருவுக்குப் பெரியவரா ஒருத்தர் இருந்தாரு. சின்னது பெருசு எல்லாம் அவரை நைனான்னுதான் கூப்பிடும். அவர்கிட்ட கேட்டோம். "ஆடுங்கம்மா, இன்னா இப்போ? செருப்பு மட்டும் உள்ள வேணாம். எங்களுக்குச் சோறு போடற இடம். கம்பம் நடாதீங்க, மரத்துக்கு மரம் வலையைக் கட்டிக்குங்க"ன்னாரு. "காலையில பாவு நூல் கட்டியிருக்கும். அமாவாசைக்கு மட்டும் இருக்காது, எங்களுக்கு அன்னைக்கு லீவு"ன்னும் சொன்னாரு.

அந்த ஒரு வார்த்தையில நாங்க விழுந்தோம். வர்ற அமாவாசை ஞாயித்துக்கிழமையில வந்துது. எங்க நாலு பேருக்கும் லீவு, அவங்களுக்கும் லீவு. லீவு நாள்ல தாலுகா ஆபீஸ் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். வாட்ச்மேன் கூட இருக்க மாட்டான். அதே கணக்கை இங்கயும் போட்டேன். வேலை இல்லன்னா ஆளும் இல்ல, சாயங்காலம் கொஞ்ச நேரம்னு இல்லாம மத்தியானமே போய் ஆசை தீர ஆடலாம்னு நான்தான் சொன்னேன். படிச்சவங்க நாலு பேர், ஒருத்திக்கும் வேற மாதிரி தோணல. வீட்டுக்காரர்கிட்ட, "ஒரு குருவி கூட இருக்காது"ன்னு சொல்லிட்டு, பரண்லேருந்து பேட்டை இறக்கிகினு, பிள்ளைங்களை அவர் பொறுப்புல விட்டுட்டுக் கிளம்பினேன்.

போய்ப் பாத்தா, அந்தத் தெருவே பாவடியில இருக்குது. மாசம் பூரா இருட்டுல குழிக்குள்ள காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கிற ஜனம், அந்த ஒரு நாள்தான் வெளிய வரும். வேற எங்க போவாங்க? ஒரு மரத்தடியில சீட்டு, இன்னொண்ணுல தாயம். பொம்பளைங்க ஒருத்திக்கு ஒருத்தி தலை வாரிகினு, மொச்சை உரிச்சுகினு இருந்தாங்க. குழந்தைங்க புழுதி இல்லாத தரையில உருண்டுகினு இருந்துது. நட்ட நடுவுல ரெண்டு மரத்துக்கும் குறுக்கே வலையைக் கட்டிட்டு நர்ஸ் நிக்கிறா. மத்த ரெண்டு பேரும் வந்துட்டாங்க. எங்களுக்காக நைனா சொல்லி எல்லாரும் ஒதுங்கி, வட்டமா உக்காந்து, கும்பாபிஷேகம் பாக்கற மாதிரி காத்துகினு இருந்தாங்க.

"இன்னாக்கா இப்போ பண்றது?"ன்னு கேட்டா நர்ஸ். அவளுக்கு என் வீட்டுக் கதை தெரியும்.

திரும்பிப் போயிருக்கலாம். போயிருந்தா அவர் காதுக்கு ஒண்ணும் வந்திருக்காது, வேற ஒரு இடம் பாத்திருக்கலாம். ஆனா வேற ஒரு இடம்னு நினைச்சதுமே எனக்குக் காலே வரல. இன்னும் ஒரு ஏரி, இன்னும் ஒரு சத்திரம், இன்னும் ஒரு மேடு. என்னால ஆகாதுடா சாமின்னு இருந்துது. செருப்பைக் கழட்டி ஓரமா விட்டேன். கொசுவத்தை இழுத்துச் செருகினேன். "போடு"ன்னேன்.

முதல் பந்து என் பேட்டுக்குக் கீழ போச்சு. ரெண்டாவதும் போச்சு. மூணாவது பட்டுது. உல்லன் பந்து பேட்டு நரம்புல பட்டா ஒரு சத்தம் வரும், பெருசா இருக்காது, பொத்துன்னு. அதைக் கேட்டு எவ்ளோ காலம் ஆச்சு. அப்புறம் யாரு இருக்காங்க, யாரு பாக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. கை தானா போச்சு. மூச்சு வாங்கிச்சு, இடுப்பு பிடிச்சுது, குதிகால் வெடிப்பு எரிஞ்சுது. ஒருத்தரும் கேலி பண்ணல. கேலின்னா, "கவர்மெண்ட் அம்மாவுக்கு இரைக்குது, தண்ணி குடுங்கடி"ன்னு ஒரு கிழவி சொன்னா, அவ்ளோதான். இன்னொருத்தி, "சிவப்புப் பொடவை அடிச்சா திரும்பி வர்றதில்ல பாரு"ன்னா. சிவப்புப் பொடவை நான்தான். நான் சந்தோஷமா இருந்தேன். சும்மா சொல்லல, நிஜமாவே சந்தோஷமா இருந்தேன்.

பொழுது சாயற நேரத்துல வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னாடி சேதி போயிருந்துது. எங்க தெருவுக்குத் துணி மூட்டை கொண்டு வர்ற ஆள் ஒருத்தர் பாவடியில தாயம் ஆடிகினு இருந்திருக்காரு. அவரு வந்து, "சார், உங்க வீட்டம்மா இன்னா போடு போடறாங்க"ன்னு பெருமையாத்தான் சொல்லிட்டுப் போயிருக்காரு. வீட்டுக்காரர் கூடத்துல நின்னுகினு இருந்தாரு.

"குருவி கூட இருக்காதுன்னியே."

"ஆங். அப்படித்தான் நினைச்சேன்."

"நான் சொன்னது நினைவு இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்போ இன்னையோட நிறுத்திடு."

நான் தரையில உக்காந்து குதிகாலைப் பிடிச்சு விட்டுகினு இருந்தேன். தலையைத் தூக்கக்கூட முடியல. "மாட்டேங்க"ன்னேன். காபி வேணுமான்னு கேட்டா வேணாங்கற மாதிரி வந்துது அது. கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த வார்த்தையை அவர்கிட்ட நான் சொன்னதில்ல.

அவரு நின்னாரு. நான் அடுத்து என்ன சொல்லப் போறேன்னு பாத்துகினு நின்னாரு. எனக்குத் தெம்பு இருந்திருந்தா காரணம் சொல்லியிருப்பேன். நான் தப்பா என்ன பண்ணிட்டேன், அந்த ஜனங்க நல்லவங்க, எல்லாரும் ஒதுங்கித்தான் உக்காந்தாங்கன்னு அடுக்கியிருப்பேன். ஒவ்வொண்ணுக்கும் அவர்கிட்ட ஒரு பதில் இருந்திருக்கும், பேச்சுல அவர் கெட்டிக்காரரு, கடைசியில நான் தோத்திருப்பேன். அன்னைக்கு எனக்கு வாயைத் திறக்கத் தெம்பு இல்ல. சுவரைப் பிடிச்சு எழுந்து அரிசி களையப் போனேன்.

அவரு மூணு நாள் என்கிட்ட பேசல. பேசாத வரைக்கும் பதில் சொல்ற வேலையும் இல்ல. மறுநாள் ஆபீஸ் விட்டதும், இனி ஒளிய இடம் எதுக்குன்னு, மத்த மூணு பேரையும் கூட்டிகினு நேரா ஸ்கூல் கிரவுண்டுக்கே ஆடப் போனேன். அங்க தண்ணிக் குழாய் இருந்துது.