விரல் அறிந்த சேறு

இன்று காலை என் தம்பி எங்கள் வீட்டு வளவின் பின்பக்கம், கடனீரேரிக் கரையில், ஒரு ட்ரக்டர் நிறையக் கல்லைக் கொட்டுவித்தான். கல் விழுந்ததும் அடியிலிருந்த சேறு பிதுங்கி ஒரு நாற்றம் கிளம்பியது. அது அம்மாவின் கை நாற்றம்.

எங்கள் சின்ன வயதில் இந்தக் கரை முழுவதும் சேறுதான். மாரி தணிந்து தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், அம்மா இடுப்பில் பறிக்கூடையைக் கட்டிக் குனிந்து, கண் தெரியாத கலங்கலுக்குள் விரல்களாலேயே இறால் தடவிப் பிடிப்பாள். பக்கத்திலேயே, வடக்கே எங்கிருந்தோ பறந்து வந்த மூக்கன் குருவிகள் நீள அலகைக் கண்வரை சேற்றில் இறக்கி, அவளைப் போலவே தடவித் தடவி, சளக் சளக்கென்று நடந்துகொண்டிருக்கும்.

"எட்டப் போங்கோடி, எனக்கும் பிள்ளையள் இருக்கு" என்று அம்மா திட்டுவாள். அவை போகமாட்டா. அவளும் விரட்டமாட்டாள். அந்த இறாலைத் தின்றுதான் நானும் தம்பியும் வளர்ந்தோம்.

இப்போது கரையை எல்லோரும் கல் போட்டு நிரவி மதில் கட்டிவிட்டார்கள். மிச்சம் எங்கள் துண்டுதான். இதையும் நிரவினால் குருவிகள் எங்கே போகும் என்று தம்பியிடம் கேட்டேன்.

"குருவி வேறை இடம் பாக்கும், அக்கா. விடுதி கட்டினால் உனக்கும் ஒரு அறை தாறன்" என்றான் தம்பி.

"எந்த இடம்? காட்டு பாப்பம். எல்லாரும் இதைத்தானே சொல்லி நிரவினவை."

அவன் ட்ரக்டர்காரனிடம் அடுத்த நடைக்குக் கை காட்டினான்.

"காணியிலை பாதி என்ரை. கல்லைத் திருப்பி ஏத்து."

ட்ரக்டர்காரன் சிரித்தான். நான் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி முதல் கல்லைப் புரட்டினேன். அடியில் விரலில் ஏதோ துடித்தது. இறால். அதைப் போகவிட்டு அடுத்த கல்லைப் பிடித்தேன்.