நைனாவின் வலது கால்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், வெயில் கொளுத்தின மாசம். ராயபுரத்துல எங்க வீட்டு முன்னறையில நடந்தது. முன்னறைன்னு பெருசா சொல்றேனே தவிர, ஒரு இரும்புக் கட்டில் போட்டா மீதி இடத்துல ரெண்டு பேர் நிக்கலாம், அவ்ளோதான். அந்தக் கட்டில்லதான் எங்க நைனா படுத்திருந்தார். எங்க பக்கம் அப்பாவ நைனான்னுதான் கூப்பிடுவோம். காசிமேட்டுல விசைப்படகு ஓட்டினவர். கரைக்கு வந்தார்னா தெரு முனையிலயே அவர் குரல் கேக்கும். பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் ரெண்டும் விழுந்துடுச்சு. பேச்சும் குழறிப் போச்சு.

நான் திருவொற்றியூர்ல ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸ்ல வேலை பார்க்கறேன். பகல் பூரா கம்ப்யூட்டர்ல நம்பர் அடிக்கறது, லாரிப் புழுதியில ஷேர் ஆட்டோ புடிச்சு வீட்டுக்கு வந்தா மருந்து வாடை. பைத்தியம் புடிச்சிடும் போல இருந்துச்சு. அதனாலதான் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஓவிய வகுப்புல சேர்ந்தேன். பானை, பூசணிக்காய், நாற்காலி எல்லாம் முடிஞ்சதும் டீச்சர் சொல்லிட்டாங்க, இனிமே மனுஷங்கதான்னு. போன்ல போட்டோவப் பார்த்து வரையக் கூடாதாம், ஆள எதிர்ல வெச்சுத்தான் வரையணுமாம்.

எங்க ஏரியாவுல யாருங்க சும்மா உட்காருவா? ஹார்பர்ல வலை பின்னிட்டிருந்த ஒருத்தர் எதிர்ல போய் பேப்பர விரிச்சேன். "இன்னாமே, போலீஸ்ல குடுக்கப் போறியா?"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டார். பக்கத்து வீட்டு அக்கா ஆசையா வந்து உட்கார்ந்தாங்க, ஆனா நிமிஷத்துக்கு ஒரு தடவை குழம்பக் கிளற ஓடினாங்க. கடைசியில, அசையாம இருந்த ஒரே ஆள் எங்க நைனாதான்.

பேப்பரும் பென்சிலுமா கட்டில் பக்கத்துல உட்கார்ந்ததுதான் தாமதம், அம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்தாங்க. "அடிப்பாவி, உசுரோட கீறவர வரையறியே, வெளங்குமாடி?"

அம்மா கோபத்துக்குக் காரணம் இருக்கு. எங்க தெருவுல எந்த வீட்டுக்கு வேணா போய்ப் பாருங்க. சுவத்துல பெருசா ஒரு ஆள் படம் மாட்டியிருந்தா அது போய்ச் சேர்ந்தவங்க படம். கடல்ல போனவங்க, காய்ச்சல்ல போனவங்க. படத்துக்கு மேல மாலை, கீழ ஒரு சின்ன சிவப்பு பல்பு. உயிரோட இருக்கறவங்களுக்கு எங்க வீடுகள்ல யாரும் படம் வரைஞ்சு வெக்க மாட்டாங்க.

நாங்க ரெண்டு பேரும் கத்திக்கிட்டதை நைனா பார்த்துட்டே இருந்தார். வாய் ஒரு பக்கமா இழுத்துக்க, கஷ்டப்பட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"மாலைக்கா?"

"ஐயோ, இல்ல நைனா, நான் கத்துக்கறதுக்கு"ன்னு சொன்னேன். அவர் நம்பல. முகத்தச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டார். நான் அழ ஆரம்பிச்சதும், என்ன நினைச்சாரோ, இடது கையால போர்வையத் தள்ளிக் கால மட்டும் வெளியே விட்டார். முகத்தக் குடுக்க மாட்டேன், இதை வேணா எடுத்துக்கோங்கற மாதிரி இருந்துச்சு. எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. ஆனாலும் வரைஞ்சேன்.

அன்னைலேர்ந்து வேலை விட்டு வந்ததும் கால்தான். அவர் சுவத்தப் பார்ப்பார், நான் காலப் பார்ப்பேன். முதல்ல ரெண்டு காலும் முருங்கைக்காய் மாதிரி வந்துச்சு. போகப் போக முட்டி, கெண்டைக்கால், கணுக்கால் எலும்பு எல்லாம் அதது இடத்துக்கு வந்துச்சு. விழுந்துபோன வலது கால் இளைச்சுக் கிடக்கும். படகு ஆடும்போது ஊனி நின்ன காலாச்சே, இப்படி ஆயிடுச்சேன்னு அத வரையறப்ப மட்டும் கை தயங்கும்.

அப்புறம் ஒரு வாரம் படம் கெட ஆரம்பிச்சுது. வலது கால் தடிச்சுப் போய் வருது. அழிச்சுட்டு ஒல்லியாப் போடுவேன். நிமிர்ந்து பார்த்தா எதிர்ல இருக்கற காலோட ஒட்டவே ஒட்டாது. பார்த்துப் போட்டா மறுபடி தடிப்பு. அழிச்சு அழிச்சு பேப்பரே ஒரு இடத்துல கிழிஞ்சு போச்சு. சனிக்கிழமை வகுப்புல அதக் காட்டி, "எனக்கு இது வராது டீச்சர், விட்டுடறேன்"னு சொன்னேன். அவங்க ஆறுதல் எதுவும் சொல்லல. அளந்து பார்த்தியான்னு மட்டும் கேட்டாங்க. கைய நீட்டி, ஒரு கண்ண மூடி, பென்சில்ல கட்டைவிரல நகர்த்தி அளக்கறது முதல் வகுப்புலயே சொல்லிக் குடுத்த பாடம். நான் அளக்கவேயில்ல. பக்கவாதம் வந்த கால் இளைச்சுத்தானே இருக்கும்னு மனசுல முடிவு பண்ணி வெச்சிருந்தேன்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை காலையிலயே எர்ணாவூர்ல இருந்து எண்ணெய் போட்டு உருவி விடறவர் ஒருத்தர் வந்துட்டார். அம்மாதான் வரச் சொல்லியிருந்தாங்க. நைனா கால் கனமா இருக்கு, நீர் கட்டியிருக்கும்னு அவங்க நினைப்பு. எங்க பக்கம் கை கால் விழுந்தா ஆஸ்பத்திரிக்கு அடுத்து இவங்ககிட்டதான் போவாங்க. எண்ணெய் அடுப்புல காய்ஞ்சிட்டிருந்துச்சு. அழுத்தி உருவினா நீர் இறங்கிடும், அப்புறம் எழுந்து நடப்பார்னு அவர் சொல்லச் சொல்ல அம்மா முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்.

நான் அந்த நேரம் பார்த்து பென்சில நீட்டி அளந்துட்டிருந்தேன். இடது கெண்டைக்கால அளந்து, விரல நகர்த்தாம வலது பக்கம் கொண்டு போனேன். வலது கால் விரலத் தாண்டிப் போச்சு. நம்பாம மறுபடி அளந்தேன். கிட்ட போய்த் தொட்டா கொதிக்குது. தோல் விண்ணுனு இழுத்துப் பளபளன்னு இருக்கு. அப்பதான் புரிஞ்சுது, படத்துல தப்பே இல்ல. கால்தான் மாறிப் போயிருக்கு.

"உருவாதீங்க! முதல்ல ஆஸ்பத்திரி போகணும்"னு கத்திட்டேன். வந்தவருக்குக் கோவம். எத்தனை பேர நடக்க வெச்சிருக்கேன் தெரியுமான்னார். அம்மா என் கையப் புடிச்சு இழுத்தாங்க. "நல்லது நடக்கறப்ப ஏன்டி பேஜாரு பண்ற? படுத்துகினே இருந்தா கால் வீங்காதா?"

எனக்கு என்ன நோய்னு சொல்லத் தெரியல. பழைய படத்தையும் கிழிஞ்சுபோன புதுப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல புடிச்சுக் காட்டினேன். அம்மா பார்த்துட்டு, "உனுக்குத்தான் வரையவே வராதே"ன்னாங்க.

"ஆமா, வராது. இல்லாதத இட்டுக்கட்டி வரையற அளவுக்கு எனக்குத் திறமை இல்லம்மா. கண்ணுல பட்டதுதான் வருது!"

சத்தம் கேட்டு நைனா திரும்பினார். அவ்ளோ நாள்ல அன்னைக்குத்தான் அவர் என் படத்தப் பார்த்தார். மாலை போடற படமா இருக்கும்னு நினைச்சிட்டிருந்த மனுஷன், அதுல தன்னோட ரெண்டு கால மட்டும் பார்த்தார். கிழிசலப் பார்த்தார். அப்புறம், எண்ணெயத் தொட்டுக்கிட்டு வந்த அந்தக் கைய இடது கையால தள்ளி விட்டுட்டு, என்னப் பார்த்துத் தலைய ஆட்டினார். நான் ஆட்டோ புடிக்க ஓடினேன்.

காலுக்குள்ள ரத்தம் கட்டியிருக்குன்னு டாக்டர் சொன்னார். "நல்லவேளை, யாரும் அழுத்தி விடல. கட்டி நகர்ந்து நெஞ்சுக்கு ஏறியிருந்தா ஆள் மிஞ்சியிருக்க மாட்டார்"னார். அம்மா ஆஸ்பத்திரி தரையிலயே உட்கார்ந்துட்டாங்க. அவங்க ஆசையா ஏற்பாடு பண்ணினதாச்சே. எனக்கு அவங்களத் திட்டத் தோணல.

நைனா வீட்டுக்கு வந்தார். வந்தாரே தவிர எழுந்து நடக்கல. ஆனா சாயங்காலம் என் செருப்புச் சத்தம் கேட்டா போதும், தானா போர்வைய விலக்கிக் கால வெளியே நீட்டிடுவார். முகம் சுவத்துப் பக்கம் போகாது. நான் வரையறதையே பார்த்துட்டிருப்பார். வீக்கம் வடிஞ்சு கால் பழையபடி இளைச்சது வரைக்கும் வரைஞ்சேன். முகத்த வரையட்டான்னு நானும் கேக்கல, வரைன்னு அவரும் சொல்லல.

அந்த மழைக்காலத்துல ரெண்டாவது தடவையா பக்கவாதம் வந்துச்சு. அதுல இருந்து அவர் மீளல. மீனவர் அட்டையில இருந்த போட்டோவத்தான் பெருசு பண்ணி மாட்டினோம். மாலை, சிவப்பு பல்பு எல்லாம் போட்டாச்சு. காரியம் முடிஞ்ச அடுத்த நாள், நான் எங்கேயோ சுருட்டி வெச்சிருந்த அந்தக் கிழிஞ்ச படத்த அம்மா தேடி எடுத்துக் கண்ணாடி போட்டு வாங்கிட்டு வந்து, போட்டோ பக்கத்துலயே மாட்டிட்டாங்க. வர்றவங்க எல்லாம், என்னடா இது வெறும் காலுன்னு ஒரு மாதிரியாப் பார்ப்பாங்க.

ஒரு வெள்ளிக்கிழமை போட்டோவுக்குப் பூ மாத்தினப்ப, மீந்த சரத்த நான் அந்தப் படத்துக்குப் போடப் போனேன். அம்மா என் கையத் தட்டி விட்டாங்க.

"அதுக்கு இன்னாத்துக்குடி மாலை? அது அவரு உசுரோட கீறப்ப வரைஞ்சது."

மாலை போட்ட போட்டோவப் பார்க்கும்போதெல்லாம் நைனா இல்லங்கறது ஞாபகம் வந்துடுது. மாலை போடாத அந்தக் காலப் பார்த்தா மட்டும், போர்வைய விலக்கி வெச்சுக்கிட்டு இன்னும் என் செருப்புச் சத்தத்துக்குத்தான் காத்திருக்கார்னு தோணுது.